மழைக்கும் ஒரு வணக்கம்: யோருபா முகமன்கள் இயங்கும் விதம்

நைஜீரியாவின் தென்மேற்கில், லாகோஸ், இபாதான், இஃபே ஆகிய ஊர்களைச் சுற்றிப் பேசப்படும் மொழி யோருபா. பக்கத்தில் பெனினிலும் டோகோவிலும் இதைப் பேசுகிறார்கள். இந்த மொழியில் மொத்தம் எத்தனை முகமன் சொற்கள் என்று எண்ணிச் சொல்ல முடியாது. பெரும்பாலானவற்றை அந்தந்தச் சமயத்தில் அங்கேயே ஆக்கிக்கொள்கிறார்கள்.

அதற்கான அச்சு 'எ கு'. 'எ' என்றால் நீங்கள். 'கு' வாழ்த்தைக் குறிக்கிறது. அதன் பின்னால் ஒரு பெயர்ச்சொல்லை வைத்தால் முகமன் தயார். 'இஷெ' என்பது வேலை. வேலையில் இருப்பவரைக் கடந்து போகும்போது 'எ கு இஷெ'. 'ஓஜோ' என்பது மழை. மழைநாளில் 'எ கு ஓஜோ'. சிலர் உட்கார்ந்திருக்கும் இடத்துக்குள் நுழைந்தால், உட்கார்ந்திருப்பதற்கும் ஒன்று உண்டு: 'எ கு இஜோக்கோ'.

காலை வணக்கமும் இதே அச்சுதான், கொஞ்சம் மறைந்திருக்கும். காலைக்கு 'ஆரொ' என்று பெயர். 'எ கு ஆரொ' வேகமாகச் சொல்லப்படும்போது உகரம் மறைந்து 'எ காரொ' ஆகிறது. நாடு, எங்கும் சேர்ந்து நாடெங்கும் ஆவதைப் பள்ளியில் படித்தவர்களுக்கு இது புதிதல்ல. மதியத்துக்கு 'எ காஸான்', இரவுக்கு 'எ காலெ'.

என்னை மிகவும் ஈர்ப்பவை மனிதர்கள் படும் பாட்டைப் பெயர் சொல்லிக் குறிப்பிடுபவை. குழந்தை பிறந்த வீட்டில் 'எ கு எவு ஒமொ' என்பார்கள். 'எவு' என்றால் ஆபத்து. தாய் ஓர் ஆபத்தைக் கடந்து வந்திருக்கிறாள் என்று வாழ்த்தே ஒப்புக்கொள்கிறது. விசேஷம் நடத்தியவரிடம் 'எ கு இனாவோ', அதாவது இவ்வளவு செலவு செய்திருக்கிறீர்களே என்று. நேற்று உதவியவரை இன்று சந்தித்தால் 'எ கு ஆனா', நேற்றைக்கான வாழ்த்து. அப்போதே நன்றி சொல்லியாகிவிட்டது என்றாலும் மறுநாளும் சொல்வதுதான் மரியாதை. நெடுநாள் பார்க்காதவரிடம் 'எ கு ஒஜொ மெத்தா': மூன்று நாள் என்பது சொல், பல நாள் என்பது பொருள்.

சுரமும் முக்கியம். யோருபாவில் மேல், நடு, கீழ் என மூன்று சுரங்கள். 'ஒக்கொ' என்ற ஒரே ஒலிக்கோவை, சுரம் மாறினால் கணவர், மண்வெட்டி, வண்டி, ஈட்டி என்று நான்காகப் பிரியும்.

அப்புறம் வயது. 'எ' மூத்தவருக்கு உரியது. பலருக்கும் அதுவே, நம் 'நீங்கள்' போல. இளையவருக்கும் ஒத்த வயதினருக்கும் 'ஒ' அல்லது வெறும் 'கு இஷெ'. ஆனால் அவன், அவள் என்ற பிரிவு யோருபாவில் இல்லை. இருவருக்கும் ஒரே சொல். அண்ணனும் அக்காவும் 'எக்பொன்', தம்பியும் தங்கையும் 'அபுரோ'. இலக்கணம் வயதை மட்டுமே பார்க்கிறது. ஆண், பெண் வேறுபாடு உடலில் வெளிப்படுகிறது: பெரியவர் முன்னால் ஆண் தரையில் நெடுஞ்சாண்கிடையாக விழுந்து வணங்குவது மரபு, பெண் முழங்காலிடுவாள். நகரங்களில் இது பல நேரம் லேசாகக் குனிவதாகச் சுருங்கிவிட்டது.

'பெலெ' என்ற சொல்லையும் சொல்லியாக வேண்டும். யாராவது தடுக்கி விழுந்தால், பார்த்தவர் உடனே 'பெலெ' என்பார். அவர் எந்தத் தவறும் செய்யவில்லை. உங்கள் வலி எனக்கும் தெரிகிறது என்கிறார், அவ்வளவுதான். இந்த வழக்கம் நைஜீரிய ஆங்கிலத்துக்குள்ளும் போய்விட்டது. அங்கே ஒருவர் கால் இடறினால் சுற்றியிருப்பவர்கள் 'சாரி' என்பார்கள். வேலை பாதியில் இருக்கும்போதே, முடியும்வரை காத்திராமல், 'வெல் டன்' என்பார்கள். அது 'எ கு இஷெ'தான்.