ஸ்ட்ரெஸ் ஹார்மோன்: மன அழுத்தமா, நெருக்கடியா?

ஆறேழு மாதத்திலேயே பிறந்து, இன்று இரண்டாம் வகுப்பில் உட்கார்ந்திருக்கும் பிள்ளையைப் பற்றிப் பேசும்போது பெங்களூர் மருத்துவர்கள் 'ஸ்ட்ரெஸ் ஹார்மோன்' என்கிறார்கள். அல்சூரில் உள்ள வீட்டுக்கு வந்து சேர்வதற்குள் அது 'மன அழுத்த ஹார்மோன்' ஆகிவிடுகிறது. "ஏழு வயசுப் பிள்ளைக்கு என்ன மன அழுத்தம்? ஸ்கூல்ல யாராச்சும் திட்டுனாங்களா?" என்று பாட்டி கேட்கிறார். கேள்வி நியாயமானது. தவறு அந்தத் தமிழாக்கத்தில் இருக்கிறது.

மருத்துவர் குறிப்பிடுவது கார்டிசால். சிறுநீரகங்களின் தலையில் தொப்பி போல இருக்கும் அட்ரீனல் சுரப்பியின் வெளியடுக்கில் அது சுரக்கிறது. அந்த வெளியடுக்குக்கு லத்தீன் பெயர் கார்டெக்ஸ், அதாவது மரப்பட்டை. தமிழ்ப் பாடநூல்கள் அதைப் 'புறணி' என்கின்றன. புறணி என்றாலும் மரத்தின் பட்டைதான். இவ்வளவு கச்சிதமாகப் பொருந்தும் கலைச்சொற்கள் குறைவு. ஆனால் கார்டிசாலுக்கே தனித் தமிழ்ப்பெயர் சூட்ட வேண்டாம். இன்சுலினைப் போல அது ஒரு வேதிப்பொருளின் பெயர், மருந்துச்சீட்டிலும் ஆய்வக அறிக்கையிலும் அப்படியேதான் வரும்.

ஹார்மோன் என்ற சொல்லை 1905இல் ஆங்கிலேய உடலியலாளர் எர்னஸ்ட் ஸ்டார்லிங் புழக்கத்துக்குக் கொண்டுவந்தார். 'கிளப்பிவிடு, இயக்கு' என்ற பொருளுள்ள கிரேக்க வினையிலிருந்து வந்தது. 'இயக்குநீர்' பொருத்தமான சொல்.

சிக்கல் 'ஸ்ட்ரெஸ்' என்பதில்தான். இறுக்கிக் கட்டுவதைக் குறிக்கும் லத்தீன் வேரிலிருந்து வந்த சொல் அது. இயற்பியல் பாடத்தில் அதற்குத் 'தகைவு' என்று பெயர். உடலியலில் இதற்கு அடித்தளம் போட்டவர் ஹான்ஸ் செல்யே. குளிர், காயம், நச்சு என எது தாக்கினாலும் உடல் ஒரே விதமாக எதிர்வினை செய்வதை 1936இல் அவர் விவரித்தார். அவர் சோதித்தது எலிகளின் உடலை. 'மன' என்ற முன்னொட்டு பின்னால் நாம் சேர்த்தது. போதாக்குறைக்கு, மனச்சோர்வு நோயையும் செய்தித்தாள்கள் 'மன அழுத்தம்' என்றே எழுதுவதால் குழப்பம் இரட்டிப்பாகிறது. கன்னடத்தில் ஸ்ட்ரெஸ்ஸுக்கு 'ஒத்தட' என்கிறார்கள். அழுத்தம் என்பதோடு நின்றுவிடுகிறது, மனத்தை இழுப்பதில்லை. நம் காதில் அது வெந்நீர் ஒத்தடமாக விழுகிறது என்பது வேறு விஷயம்.

32 வாரம் நிறையும் முன் பிறந்தால் மிகக் குறைமாதம், 28 வாரத்துக்கும் முன் என்றால் அதிதீவிரக் குறைமாதம். அந்தக் குழந்தை என்.ஐ.சி.யூ. என்கிற பச்சிளங்குழந்தைத் தீவிர சிகிச்சைப் பிரிவில் படும் பாட்டைக் கிட்டத்தில் நின்று பார்த்தால் 'மன' எவ்வளவு பொருந்தாதது என்று புரியும். ரத்தம் எடுக்கக் குதிகாலின் ஓரத்தில் ஊசிமுனை இறங்குகிறது. நடுவில் குத்தினால் எலும்பில் படும் என்பதால்தான் ஓரம். முகம் சுருங்கி, நெற்றி நெறிந்து, விரல்கள் விரிகின்றன. மூச்சுக்குழாய் போட்டிருந்தால் அழுகைச் சத்தம் கூட வெளியே வராது. பல வாரங்களுக்கு இப்படி நாளுக்குப் பல முறை நடக்கும். கருப்பையில் மிதந்துகொண்டிருக்க வேண்டிய நாட்களில் உடல் நாலாபக்கமும் நெருக்கப்படுகிறது. ஆகவே 'நெருக்கடி இயக்குநீர்' என்பதே சரி. இறுக்கம் என்ற மூலப்பொருளும் அதில் தங்குகிறது.

கூடினால் கெடுதல் என்ற எண்ணத்தையும் விட வேண்டும். கருவின் நுரையீரலைக் கடைசி வாரங்களில் பக்குவப்படுத்துவதே கார்டிசால்தான். குறைப்பிரசவம் நெருங்கினால் தாய்க்கு டெக்ஸாமெத்தசோன் 6 மி.கி. வீதம் 12 மணி நேர இடைவெளியில் நான்கு ஊசிகள் போடுவது அதனால்தான். அதுவும் இதே புறணிச் சுரப்புகளின் செயற்கை உறவினர்.

அதேபோல், நெருக்கடியில் வளர்ந்த பிள்ளைக்குக் கார்டிசால் எப்போதும் அதிகமாகவே இருக்கும் என்பதும் இல்லை. கனடாவின் வான்கூவரில் இந்தக் குழந்தைகளைத் தொடர்ந்து பார்த்துவந்த ஆய்வுகளில், அதிதீவிரக் குறைமாதக் குழந்தைகளுக்கு 3 மாதத்தில் அளவு குறைவாகவும் 8 மாதத்தில் கூடுதலாகவும் இருந்தது. மிகக் குறைமாதப் பிள்ளைகளை 7 வயதில் பார்த்தபோது, பிறந்த புதிதில் அதிக வலி பட்டவர்களிடம் அளவு குறைந்திருந்தது. ஓயாமல் மணி அடித்த இயந்திரம் தன்னைத் தானே தணித்துக்கொண்டது போல. கவனம் சிதறுவது, சொன்னதை மனத்தில் வைத்துக்கொண்டு கணக்குப் போடத் திணறுவது, பயந்து உள்ளே ஒடுங்குவது ஆகியவை இப்பிள்ளைகளிடம் கூடுதலாகக் காணப்படுகின்றன. கார்டிசால் அதில் ஒரு இழை, முழுக் காரணம் அல்ல.

கார்டிசாலை உமிழ்நீரிலும் அளக்கலாம். ஆய்வுக்காக உமிழ்நீர் கேட்டால் நேரமே முக்கியம். கண் விழித்ததும் ஒன்று, 30 நிமிடம் கழித்து ஒன்று, படுக்கும் முன் ஒன்று. விழித்த அரை மணியில் அளவு உச்சத்துக்கு ஏறி, நள்ளிரவில் அடிமட்டத்துக்கு இறங்கும். அதனால் எழுப்பிய நேரத்தைக் கால் மணி தவறாக எழுதினாலும் முடிவு புரண்டுவிடும். எடுப்பதற்கு முந்தைய அரை மணியில் பால் கூடாது, பல் தேய்க்கவும் கூடாது. ஈறில் கசியும் ரத்தம் அளவைக் கூட்டிக் காட்டும். ஆஸ்துமாவுக்கு உறிஞ்சும் ஸ்டீராய்டு மருந்து இருந்தால் கட்டாயம் சொல்ல வேண்டும். காசு கொடுத்துத் தனியாக ஒரே ஒரு தடவை எடுக்கும் சோதனையால் பள்ளிப் பிரச்சினைக்கு விடை கிடைக்காது. அந்தப் பணத்தைப் பார்வை, செவித்திறன், கற்றல் மதிப்பீட்டுக்குச் செலவிடலாம்.

பள்ளிப் படிவத்தில் மருத்துவக் குறிப்பு கேட்கும் இடத்தில் 'மன அழுத்தம் உள்ளது' என்று எழுதாதீர்கள். ஆசிரியர் வீட்டுச் சண்டையைத் தேடுவார். இப்படி எழுதலாம்: '28 வாரத்தில் பிறந்தவள். முதல் இரண்டு மாதம் தீவிர சிகிச்சையில் உடல் நெருக்கடி மிகுதி. திடீர்ச் சத்தத்துக்குப் பதறுவாள். ஒரு நேரத்தில் ஒரு வேலை மட்டும் சொல்லுங்கள். முன் வரிசையில் உட்கார வையுங்கள்.'