மாத்திரையா, பேச்சா? முதலில் யாரிடம் போவது?

"மாத்திரை மட்டும் வேண்டாங்க மேடம், பேசியே சரி பண்ணிடுங்க" என்று கேட்டுக்கொண்டுதான் என்னிடம் பாதிப் பேர் வருகிறார்கள். தர்மபுரியில் கிளினிக்கல் சைக்காலஜிஸ்டாக, அதாவது பேச்சு வழியாகச் சிகிச்சை தரும் உளவியலாளராக இருக்கிற எனக்கு இதில் கவலைதான் அதிகம். மாத்திரை எழுத எனக்கு அனுமதியே கிடையாது. அது எம்.பி.பி.எஸ். முடித்து, மனநலத்தில் எம்.டி.யோ, டி.பி.எம். என்ற டிப்ளமோவோ படித்த மனநல மருத்துவரின் வேலை. போர்டில் 'டாக்டர்' என்று இருப்பதை மட்டும் பார்க்காதீர்கள், பிஎச்.டி. வாங்கியவரும் அப்படிப் போட்டுக்கொள்ளலாம். கீழே இருக்கிற பட்டத்தைப் படியுங்கள்.

பென்னாகரம் பக்கமிருந்து ஒரு பையனைக் கூட்டி வந்தார்கள். ராத்திரியெல்லாம் தூக்கமில்லை, தெருவில் எல்லாரும் தன்னைப் பற்றியே பேசுகிறார்கள் என்கிறான், அம்மா போட்ட சோற்றை மோந்து பார்த்துவிட்டுத் தள்ளி வைக்கிறான். மந்திரித்துக் கயிறு கட்டியாயிற்று, மாசக்கணக்கில் கவுன்சலிங்கும் போயாயிற்று, அங்கே தன்னம்பிக்கை வகுப்புதான் நடந்திருக்கிறது. இல்லாத குரல் காதில் கேட்பது, ஆதாரமில்லாத சந்தேகம், நாள்கணக்கில் தூங்காமலே தலைகால் தெரியாத உற்சாகம், செத்துவிடலாம் என்ற எண்ணம், இதற்கெல்லாம் முதலில் மனநல மருத்துவர்தான். அன்றே அனுப்பி வைத்தேன். சோர்வு என்று போனாலும் மனநல மருத்துவர் தைராய்டு டெஸ்ட் எழுதிக் கொடுப்பதுண்டு, தைராய்டு குறைந்தாலும் ஆள் அப்படித்தான் சுருண்டு கிடப்பார்.

பதற்றம், திரும்பத் திரும்பக் கை கழுவுவது, விபத்துக்குப் பிறகு விடாத பயம் என்றால் எங்களிடம் வரலாம், தேவைப்பட்டால் மாத்திரையும் சேர்ந்தே ஓடும். ஆனால் வரும்போது ஆர்.சி.ஐ. (இந்திய மறுவாழ்வு கவுன்சில்) பதிவு எண்ணைக் கேளுங்கள், கோபப்பட மாட்டோம். பரீட்சைப் பயம், புருஷன் பொண்டாட்டி சண்டைக்கு நல்ல கவுன்சிலர் போதும், அவர்களில் அருமையானவர்கள் இருக்கிறார்கள். சில வாரச் சான்றிதழ் வகுப்போடு போர்டு மாட்டியவர்களும் இருக்கிறார்கள், அதனால் என்ன படித்தீர்கள் என்று கேட்டுவிடுவது நல்லது. "எங்கேயும் போகாதீங்க, மாத்திரையை நிறுத்துங்க, நானே பார்த்துக்கிறேன்" என்று எவர் சொன்னாலும் எழுந்து வந்துவிடுங்கள்.

அப்புறம், எடுத்த எடுப்பிலேயே ஓசூர் வழியாக பெங்களூரு நிமான்ஸ் மனநல மருத்துவமனைக்கு பஸ் ஏறுகிறவர்கள் நிறைய. பெரிய இடம்தான், சிக்கலான கேஸுக்கு நாங்களே அனுப்புவோம். ஆனால் மாசாமாசம் கூலியை விட்டுவிட்டு எத்தனை தடவை போவீர்கள்? தர்மபுரி, கிருஷ்ணகிரி அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைகளில் மனநலப் பிரிவு இருக்கிறது, முதலில் அங்கே ஓ.பி. சீட்டு போடுங்கள். யாரிடம் போவது என்றே புரியவில்லையா, அரசின் மனநல உதவித் தொலைபேசியான டெலி மானஸ் எண் 14416, எந்த நேரத்திலும் தமிழிலேயே பேசலாம், காசு கிடையாது.