போனான்சா: சொல்லும் சுரங்கமும்

துணிக்கடை விளம்பரத்தில் ‘ஆடி போனான்சா’ என்று போடுகிறார்கள். அகவிலைப்படி உயர்ந்தால் ‘ஊழியர்களுக்கு போனான்சா’ என்று செய்தித் தலைப்பு வருகிறது. எதிர்பாராமல் அள்ளித் தருவது என்றுதான் இரண்டு இடத்திலும் பொருள் கொள்கிறோம். ஆறு மாதமாக எதிர்பார்த்திருந்து வாங்கும் அகவிலைப்படி எப்படி எதிர்பாராததாகும் என்று கேட்கக்கூடாது.

இது ஸ்பானியச் சொல். நமக்கு ஆங்கிலம் வழியாக வந்தது. ஆங்கிலத்துக்கு மெக்சிகோவின் வெள்ளிச் சுரங்கங்கள் வழியாகப் போனது. அங்கே இது சலுகையையும் பரிசையும் குறிக்கவில்லை, சுரங்கத்தின் நிலையைக் குறித்தது. பாறைக்குள் ஓடும் தாது நாளத்தை விடாமல் வெட்டிக்கொண்டு போகும்போது வெள்ளியும் பொன்னும் செறிந்த திரட்டு தட்டுப்பட்டால் அந்தச் சுரங்கம் ‘போனான்சாவில் இருக்கிறது’ என்பார்கள். அதே நாளம் சில அடி தள்ளி வெறுங்கல்லாகிவிட்டால் ‘பொராஸ்காவில் இருக்கிறது’. இரண்டும் ஜோடிச் சொற்கள். விளம்பரக்காரர்கள் ஒன்றை மட்டும் எடுத்துக்கொண்டதில் வியப்பில்லை.

இந்தச் சொல் உலகமெல்லாம் பரவக் காரணமான இடம் அமெரிக்காவின் நெவாடாவில், டேவிட்சன் மலையின் கிழக்குச் சரிவில் இருக்கும் காம்ஸ்டாக் தாது நாளம். அதன்மேல்தான் வர்ஜீனியா சிட்டி என்ற ஊர் எழுந்தது. 1859-இல் பீட்டர் ஓ'ரைலி, பாட்ரிக் மெக்லாக்லின் என்ற இருவர் அங்கே மண்ணை அலசிப் பொன் எடுத்துக்கொண்டிருந்தார்கள். கனத்த கருநீலச் சேறு ஒன்று வந்து வேலையைக் கெடுத்தபடி இருந்தது. சனியன் என்று அதை அள்ளி எறிந்தார்கள். கலிஃபோர்னியாவுக்கு அனுப்பிச் சோதித்த பிறகுதான் தெரிந்தது, அது வெள்ளித் தாது என்று. அந்த நிலம் தன்னுடையது என்று சொல்லி இடையில் நுழைந்த ஹென்றி காம்ஸ்டாக்கின் பெயர் நாளத்துக்கு நிலைத்தது. அவரோ தன் பங்கைப் பத்தாயிரம் டாலர் சொச்சத்துக்கு விற்றுவிட்டுப் போனார். 1870-இல் தற்கொலை செய்துகொண்டார்.

ஒரே நாளம் ஓரிடத்தில் கொடுத்து இன்னோரிடத்தில் கைவிரிப்பது ஏன்? சுமார் 1.4 கோடி ஆண்டுகளுக்கு முன் இந்த எரிமலைப் பாறைகளில் இருந்த பிளவு வழியாக உலோகங்களைக் கரைத்து எடுத்துக்கொண்டு வெந்நீர் மேலேறியது. அழுத்தம் சட்டென்று குறைந்து நீர் கொதித்த இடங்களில் வெள்ளியும் பொன்னும் பிரிந்து படிந்தன. மற்ற இடங்களில் குவார்ட்ஸ், கால்சைட் என்ற வெறுங்கற்கள்தான். எனவே நாலு கிலோமீட்டர் நீள நாளத்தில் உண்மையான செல்வம் சில திரட்டுகளில் மட்டும் இருந்தது. அவற்றுக்கு இடைப்பட்டதெல்லாம் பொராஸ்கா. வெள்ளிக்குப் பேர்போன இடம் என்றாலும் எடுத்ததன் மதிப்பில் ஐந்தில் இரண்டு பங்குக்கு மேல் பொன் என்பதையும் சொல்ல வேண்டும்.

திரட்டு கிடைத்தாலும் எடுப்பது எளிதாக இல்லை. தாது அகலமாகவும் பொலபொலவென்றும் இருந்ததால் குடைந்த இடம் சரிந்து விழுந்தது. 1860-இல் பிலிப் டைடஷைமர் என்ற ஜெர்மானியப் பொறியாளர், கனமான மரக்கட்டைகளைச் சதுரச் சட்டங்களாகப் பூட்டி, தேனடை போல மேலும் பக்கத்திலும் அடுக்கிக்கொண்டே போகும் முறையைக் கொண்டுவந்தார். காப்புரிமை வாங்கவில்லை. சியெர்ரா நெவாடா மலைக்காடுகள் மரம் மரமாகச் சுரங்கத்துக்குள் இறங்கின. அத்தனை மரம் இருந்தால் தீயும் பிடிக்கும்: 1869 ஏப்ரலில் எல்லோ ஜாக்கெட் சுரங்கத் தீயில் குறைந்தது 35 பேர் இறந்தார்கள். ஆழம் போகப்போக வெந்நீர் பீறிட்டது. பனிக்கட்டியை உள்ளே இறக்கித்தான் வேலை வாங்கினார்கள். கூலி நாளுக்கு 4 டாலர், அந்தக் காலத்துக்கு மிக நல்ல கூலி. நீரை வடிக்க அடால்ஃப் சூட்ரோ கிட்டத்தட்ட 4 மைல் நீளத்துக்குக் குடைந்த வடிகால் சுரங்கப்பாதை 1878-இல்தான் நாளத்தை எட்டியது. அதற்குள் நல்ல தாதெல்லாம் தீரும் நிலைக்கு வந்துவிட்டது.

‘பெரிய போனான்சா’ என்று வரலாற்றில் பெயர் பெற்ற திரட்டு 1873-இல் கன்சாலிடேட்டட் வர்ஜீனியா சுரங்கத்தில், ஏறக்குறைய 1,200 அடி ஆழத்தில் கிடைத்தது. அதுவரை தேறாது என்று கருதப்பட்ட சுரங்கம் அது. மெக்கே, ஃபேர், ஃப்ளட், ஓ'பிரையன் என்ற ஐரிஷ் வழிக் கூட்டாளிகள் நால்வர் பங்குகளை மலிவாக வாங்கிப் போட்டிருந்தார்கள். அந்த ஒரு திரட்டு மட்டும் 10 கோடி டாலருக்கு மேல் தந்தது. சுரங்கத்தையே பார்த்திராதவர்கள் வாயிலும் சொல் ஏறியது அப்போதுதான். அமெரிக்காவின் டகோட்டா பக்கம் பரந்து கிடந்த பெரும் கோதுமைப் பண்ணைகளைக்கூட ‘போனான்சா பண்ணைகள்’ என்றார்கள். தாது போய் வெறும் ‘பெருவருவாய்’ என்ற பொருள் நின்றது.

சுரங்கத்துக்கு முன்னால் இந்தச் சொல் கடலில் இருந்தது. ஸ்பானியத்தில் போனான்சா என்றால் காற்றும் அலையும் அடங்கிய நல்ல கடல். பொராஸ்கா என்றால் புயல். இன்னும் பின்னே போனால் கிரேக்கத்தில் ‘மலாக்கியா’, மென்மை. லத்தீனில் அது ‘மலாசியா’ ஆகிக் கடலமைதியைக் குறித்தது. ஆனால் லத்தீனில் ‘மல’ என்று தொடங்கினால் ‘கெட்ட’ என்று காதில் விழும். நல்ல வானிலைக்குக் கெட்ட பெயரா என்று, ‘மல’வை எடுத்துவிட்டு ‘நல்ல’ எனப் பொருள்படும் ‘போன’வை அந்த இடத்தில் ஒட்டி ‘பொனாசியா’ ஆக்கிவிட்டார்கள். பாமரர் செய்த பிழையான திருத்தம்தான் சொல்லின் வேர்.

தமிழில் என்ன சொல்லலாம்? ‘புதையல்’ என்று பலர் எழுதுகிறார்கள். புதையல் ஒருவர் புதைத்து வைத்தது. தாதுத் திரட்டை யாரும் புதைக்கவில்லை. ‘யோகம்’ ஆளைப் பற்றியது, பொருளைப் பற்றியதல்ல. பொது வழக்குக்கு ‘விழுநிதி’ பொருந்தும். நற்றிணை 16-ஆம் பாடலில், கடல் சூழ்ந்த உலகையே தூணி என்ற அளவுபாத்திரமாக வைத்து ஏழு முறை அளக்கும் விழுநிதி கிடைத்தாலும் வேண்டாம் என்கிறான் தலைவன். அங்கே ‘விழு’ என்றால் சிறந்த. பரிசு ‘விழுந்தது’ என்று சொல்லிப் பழகிய இன்றைய காதுக்கும் அது அந்நியமாக இராது.

சுரங்க வழக்குக்கு எனக்குப் பிடித்தது ‘கொழிப்பு’. கொழித்தல் என்றால் செழித்தல் மட்டுமல்ல. அலை பொருளைக் கரையில் கொண்டுவந்து ஒதுக்குவதும் கொழித்தல், முறத்தில் கல்லையும் மணியையும் பிரிப்பதும் கொழித்தல். கடலும் தாதும் ஒரே சொல்லுக்குள் அடங்குகின்றன. எதிர்ச்சொல்லுக்கு ‘வறட்சி’ போதும். ‘1873-இல் கன்சாலிடேட்டட் வர்ஜீனியா கொழிப்பில் இருந்தது, பத்தாண்டுக்குள் வறண்டது’ என்று எழுதினால் யாருக்கும் அகராதி தேவைப்படாது.