பின்னம்: சொல்லும் நடுவுல இருக்குற கோடும்

1/2, 3/4 மாதிரி எண்ணுக்குத் தமிழ்ல என்ன பேர் சொல்லலாம், அதுல நடுவுல இருக்குற கோடு எங்க இருந்து வந்ததுன்னு பார்ப்போம். பின்னம்ங்கிறது வடமொழிச் சொல், உடைஞ்சது பிரிஞ்சதுன்னு அர்த்தம், கோயில்ல பின்னமான சிலைன்னு சொல்றோமே அதே சொல்தான். அரபில இதுக்கு கஸ்ர்னு பேர், அதுக்கும் உடைக்கிறதுன்னுதான் பொருள், லத்தீன் ஃப்ராக்‌ஷியோவும் அப்படியே, இங்கிலீஷ் ஃப்ராக்‌ஷன் அதுல இருந்து வந்தது.

எழுதுற முறைக்கு வருவோம். நம்ம நாட்டுக் கணித அறிஞர்கள், 7ம் நூற்றாண்டு பிரம்மகுப்தர், 1150ல லீலாவதிங்கிற கணக்குப் புத்தகம் எழுதின பாஸ்கரர் எல்லாருமே மேல ஒரு எண் கீழ ஒரு எண்ணுன்னுதான் எழுதினாங்க, நடுவுல கோடு கிடையாது. கூட முழு எண் வந்தா அதுக்கும் மேல வைப்பாங்க, மூணு அடுக்கா நிக்கும்.

கோடு வந்தது மக்ரிப்ல, அதாவது மொராக்கோ அல்ஜீரியா பக்கம். 12ம் நூற்றாண்டுல அல்-ஹஸ்ஸார்ங்கிற கணித அறிஞர், கீழ் எண்ணுங்கள கோட்டுக்கு அடியில எழுது, அதது பங்க அதது தலைமேல எழுதுன்னு தெளிவா சொல்றார். அவர் உதாரணம் ரொம்ப அழகு: அஞ்சுல மூணு பங்கு, அதோட அஞ்சுல ஒரு பங்குல மூணுல ஒண்ணு. ஒரே நீளக் கோடு, வலது ஓரத்துல 5க்கு மேல 3, அதுக்கு இடப்பக்கம் 3க்கு மேல 1, வலதுல இருந்து படிக்கணும், கூட்டினா 3/5 + 1/15, அதாவது 2/3. சின்ன வயசுல அல்ஜீரியாவோட பூஜி துறைமுகத்துல கணக்கு படிச்ச இத்தாலிக்காரர் பிபோனச்சி 1202ல லீபர் அபாசிங்கிற புத்தகத்துல இதே கோட்ட ஐரோப்பாவுக்குக் கொண்டுபோனார், அரபு வழக்கப்படி பின்னத்த முழு எண்ணுக்கு இடப்பக்கமே எழுதினார்.

இப்ப தமிழ்ல என்ன சொல்லலாம்? நம்ம பழைய சொல் கீழ்வாய் இலக்கம், அதாவது ஒண்ணுக்குக் கீழ உள்ள எண். அரை, கால், மா 1/20, காணி 1/80, முந்திரி 1/320 இப்படி ஒவ்வொண்ணுக்கும் தனிப்பேர் தனிக்குறி இருந்ததால மேல கீழ எண் வைக்கிற தேவையே வரல. அதுக்கும் சின்னதா வேணும்னா, சோழர் கல்வெட்டு நில அளவுல வர்ற மாதிரி 'முந்திரிகைக் கீழ் அரை', அதாவது 1/320ல பாதி, 1/640. பங்குக்குள்ள பங்குன்னு போற அல்-ஹஸ்ஸார் யோசனை இங்க சொல்லாவே இருந்திருக்கு, எனக்கு இது பெரிய விஷயமாத் தெரியுது.

ஆனா கீழ்வாய் ஒண்ணுக்குக் கீழ உள்ளதுக்குத்தான் பொருந்தும், 7/5அ அப்படிச் சொல்ல முடியாது. அதனால பொதுவா பின்னம்னே வச்சுக்கலாம், மேல இருக்குறது தொகுதி, கீழ இருக்குறது பகுதி, ரெண்டும் பாடப்புத்தகத்துலயே இருக்கு.