கீழாநெல்லி சாப்பிடும் முன் ஒரு ரத்தப் பரிசோதனை

மஞ்சள் காமாலை என்று என்னிடம் வருகிறவர்களில் பலர் அதற்கு முன்பே கீழாநெல்லி சாப்பிட்டிருப்பார்கள். வேரோடு பிடுங்கிக் கழுவி, அரைத்து, மோரிலோ ஆட்டுப்பாலிலோ கலக்கி, காலையில் வெறும் வயிற்றில் குடித்திருப்பார்கள். டாக்டர் திட்டுவார் என்று சிலர் சொல்லவே தயங்குவார்கள். நான் திட்டுவதில்லை. அந்தச் செடியின் மேல் எனக்கு மரியாதை உண்டு. ஆனால் யார் சொல்லிச் சாப்பிட்டீர்கள், எத்தனை நாளாக, ரத்தம் கொடுத்துப் பார்த்தீர்களா என்று கேட்பேன். கடைசிக் கேள்விக்குப் பெரும்பாலும் "இல்லை" என்றுதான் பதில் வரும். இதை எழுதுவதே அந்தப் பதிலுக்காகத்தான்.

முதலில் செடி. மழை பெய்தால் வரப்போரத்திலும் வீட்டு வாசலிலும் தானாக முளைக்கும் இதன் தாவரவியல் பெயர் பில்லாந்தஸ் அமாரஸ். சிறு கிளைகளின் அடிப்புறத்தில் காய்கள் வரிசையாகத் தொங்கும். வாயில் போட்டால் கசக்கும். பில்லாந்தின் என்கிற லிக்னான் வகைப் பொருள் கசப்பானது. கூடவே இருக்கும் ஹைப்போபில்லாந்தின் கசக்காது. எலியின் கல்லீரல் செல்களைப் பிரித்தெடுத்து, அவற்றின் மேல் கார்பன் டெட்ராகுளோரைடு என்ற நஞ்சைச் செலுத்திப் பார்த்த ஆய்வில், இந்த இரண்டும் செல்கள் சேதமடையாமல் காத்தன. 1985லேயே இது பதிவாகியிருக்கிறது. இவை தவிர ஜெரானின், கோரிலாஜின் போன்ற டானின்கள் என்கிற துவர்ப்புப் பொருள்களும் செடியில் நிறைய உண்டு. ஆய்வகத்தில் வைரஸ்களைத் தடுக்கும் ஆற்றல் இவற்றிடம் தெரிந்திருக்கிறது.

இங்கே ஒரு விஷயத்தைக் கவனிக்க வேண்டும். லிக்னான்கள் ஆல்கஹாலில் கரையும், தண்ணீரில் சரியாகக் கரையாது. டானின்கள் தண்ணீரில் நன்றாகக் கரையும். அப்படியென்றால் கஷாயமாக வைத்துக் குடிப்பவருக்கும் அரைத்து விழுதாகச் சாப்பிடுபவருக்கும் கிடைப்பது ஒரே மருந்து கிடையாது. அதோடு, டானின்கள் குடலில் எல்லாஜிக் அமிலமாக உடைந்து, அங்குள்ள பாக்டீரியாக்களால் வேறு பொருள்களாக மாறுகின்றன. சோதனைக் குழாயில் வைரஸைத் தடுத்த மூலக்கூறு அப்படியே நம் கல்லீரலுக்குப் போய்ச் சேர்வதில்லை. "ஆய்வில் நிரூபிக்கப்பட்டது" என்று வாட்ஸ்ஆப்பில் வரும் செய்திகள் இந்த இடத்தைத் தாண்டிக் குதித்துவிடுகின்றன.

கீழாநெல்லியை உலகம் திரும்பிப் பார்த்த ஒரு காலமும் உண்டு. கல்லீரலைத் தாக்கும் ஹெபடைடிஸ் பி வைரஸைக் கண்டறிந்ததற்காக 1976இல் நோபல் பரிசு பெற்ற பாரூக் பிளம்பர்க் இந்தச் செடி மேல் ஆர்வம் கொண்டார். ஹெபடைடிஸ் பி-க்கு நெருங்கிய உறவான ஒரு வைரஸ் வுட்சக் என்ற அமெரிக்க விலங்கைத் தாக்கும். கீழாநெல்லிச் சாறு அந்த வைரஸைக் கட்டுப்படுத்தியதாக அவரும் சகாக்களும் 1987இல் எழுதினார்கள். மறு வருடமே நம் சென்னையிலிருந்து தியாகராஜன் குழுவினரின் ஆய்வு லான்செட் என்ற மருத்துவ இதழில் வந்தது. ஹெபடைடிஸ் பி வைரஸைச் சுமந்துகொண்டிருந்தவர்களுக்கு 200 மி.கி. கீழாநெல்லிப் பொடியை, நாளைக்கு மூன்று வேளை, 30 நாள் கொடுத்தார்கள். மருந்து முடிந்து 15 முதல் 20 நாள் கழித்துப் பார்த்தபோது, 37 பேரில் 22 பேரின் ரத்தத்தில், வைரஸ் இருப்பதைக் காட்டும் அதன் மேற்பரப்புப் புரதம் இல்லை. ஒப்பிட்டுப் பார்க்க, மருந்தே இல்லாத வெற்று மருந்து எடுத்த 23 பேரில் ஒருவருக்கு மட்டுமே அப்படி ஆனது. இன்று படித்தாலும் உடம்பு சிலிர்க்கும் முடிவு அது.

ஆனால் அது திரும்ப வரவில்லை. தாய்லாந்தில் செய்து பார்த்தார்கள், நியூசிலாந்தில் செய்து பார்த்தார்கள். ஹெபடைடிஸ் பி சுமப்பவர்களிடம் அந்தப் பலன் தெரியவில்லை. எல்லா ஆய்வுகளையும் சேர்த்து அலசிய காக்ரேன் என்ற சர்வதேச ஆய்வுக் குழுவும், வெற்று மருந்தைவிட மேலானது என்று சொல்லப் போதுமான சான்று இல்லை என்றே 2011இல் முடித்தது. செடி வளர்ந்த மண், பறித்த பருவம், பக்குவம் என்று பல காரணங்கள் இருக்கலாம். நம் ஊர்ச் செடியை வைத்து, நம் ஊரிலேயே, வேதிப்பொருள்களின் அளவை அளந்து இன்னொரு பெரிய ஆய்வு நடக்க வேண்டும் என்பது என் ஆசை. அதுவரைக்கும் 1988இன் ஒரே முடிவை வைத்துக்கொண்டு ஒரு நோயாளியிடம் மாத்திரையை நிறுத்து என்று யாரும் சொல்லக்கூடாது.

சரி, அப்புறம் ஏன் ஊரில் இத்தனை பேர் "எனக்குக் கீழாநெல்லியில்தான் இறங்கியது" என்கிறார்கள்? அவர்கள் பொய் சொல்லவில்லை. குடிநீர் மூலம் பரவும் ஹெபடைடிஸ் ஏ பெரும்பாலோருக்குச் சில வாரங்களில் தானாகவே சரியாகிவிடும். வயது வந்தவருக்குப் புதிதாக வரும் ஹெபடைடிஸ் பி-யும் நூற்றில் 95 பேருக்குத் தானாக அடங்கிவிடும். அந்த வாரங்களில் எதைச் சாப்பிட்டிருந்தாலும் அதற்குத்தான் பெயர் கிடைக்கும். பிறக்கும்போதே தாயிடமிருந்து தொற்றிய குழந்தையின் கதை நேர்மாறு: பத்தில் ஒன்பது பேருக்கு வைரஸ் உள்ளேயே தங்கிவிடும், பல வருடம் சத்தமில்லாமல் கல்லீரலைச் சுருக்கும்.

பித்தக்குழாயில் கல் அடைத்தாலும் கண் மஞ்சளாகும். கணையத்தில் கட்டி வந்தாலும் ஆகும். எலிக்காய்ச்சல், குடி, காசநோய் மாத்திரை, எலி பேஸ்ட்டை விழுங்கியது என்று காரணங்கள் போய்க்கொண்டே இருக்கும். அடைத்திருக்கும் கல்லை எந்த இலையும் எடுக்காது. கர்ப்பிணிக்கு ஹெபடைடிஸ் ஈ வந்தால் கடைசி மூன்று மாதங்களில் 20 முதல் 25 சதவீதம் பேர் வரை உயிரிழக்கும் ஆபத்து உண்டு. அங்கே ஒரு நாள் தாமதமும் கூடாது. பிறந்த குழந்தை மஞ்சளாக இருந்தால் வாயில் எந்தச் சாறும் ஊற்றாமல் குழந்தை மருத்துவரிடம் தூக்கிக்கொண்டு ஓடுங்கள்.

பத்தியம் பற்றியும் சொல்ல வேண்டும். உப்பு, எண்ணெய், பருப்பு எல்லாவற்றையும் நிறுத்தி வெறும் கஞ்சியில் வாரக்கணக்கில் கிடப்பவர்களைப் பார்க்கிறேன். கல்லீரல் தன்னைச் சரிசெய்துகொள்ளப் புரதமும் சக்தியும் வேண்டும். வாய்க்குப் பிடித்ததை, சிறிது சிறிதாக, அடிக்கடி சாப்பிடலாம். சாராயம் மட்டும் அறவே கூடாது.

கடையில் கீழாநெல்லி என்று விற்கும் காய்ந்த செடி எல்லாம் கீழாநெல்லியும் இல்லை. தென்னிந்தியக் கடைகளில் வாங்கிய மாதிரிகளைச் சோதித்தபோது, சுமார் கால்வாசியில் அதே குடும்பத்தின் வேறு இனங்கள் இருந்தன. சித்த மருத்துவரிடம் போவதென்றால் முறையாகப் படித்துப் பதிவு செய்தவரிடம் போங்கள். அவரும் ரத்தப் பரிசோதனை முடிவைத்தான் முதலில் கேட்பார்.

பிலிருபின் (கண்ணை மஞ்சளாக்கும் நிறமி), எஸ்ஜிபிடி (கல்லீரல் சேதத்தைக் காட்டும் அளவு), ரத்தம் உறையும் நேரம், ஹெபடைடிஸ் பி மற்றும் சி, தேவைப்பட்டால் வயிற்று ஸ்கேன்: அரசு மருத்துவமனையில் இவற்றைப் பார்த்துவிடலாம். நோயாளி குழம்பிப் பேசினால், பகலெல்லாம் தூங்கி வழிந்தால், ரத்தம் கசிந்தால், குளிர் காய்ச்சலோடு வயிறு வலித்தால், மலம் வெளுத்து உடம்பெல்லாம் அரித்தால் அன்றே மருத்துவமனைக்கு வர வேண்டும். சாதாரண ஹெபடைடிஸ் ஏ என்று உறுதியாகி, "கீழாநெல்லியும் சாப்பிடட்டுமா டாக்டர்?" என்று கேட்பவர்களை நான் தடுப்பதில்லை. கூட வேறு பொடி எதுவும் சேர்க்காதீர்கள், சர்க்கரைக்கோ வேறு எதற்கோ மாத்திரை எடுத்தால் முன்பே சொல்லுங்கள், அடுத்த வாரம் மறுபடி ரத்தம் கொடுத்துவிட்டுப் போங்கள் என்பேன்.

ஹெபடைடிஸ் பி என்று வந்துவிட்டால், 2018இல் தொடங்கிய தேசியத் திட்டத்தின் கீழ் தேவைப்படுபவர்களுக்கு வைரஸை அடக்கும் டெனோஃபோவிர் மாத்திரை இலவசம். வீட்டில் உள்ள எல்லோரும் ஒருமுறை பரிசோதித்துக்கொள்ள வேண்டும், தொற்று இல்லாதவர்கள் மூன்று தவணைத் தடுப்பூசி போட்டுக்கொள்ள வேண்டும். மனைவி கர்ப்பமாக இருந்து அவருக்கும் தொற்று இருந்தால், பிரசவ வார்டில் அதை முன்பே சொல்லிவிடுங்கள். குழந்தைக்கு 24 மணி நேரத்துக்குள் தடுப்பூசியும், அதோடு வைரஸை எதிர்க்கும் இம்யூனோகுளோபுலின் ஊசியும் போட வேண்டும்.