டிபிஈ என்று மட்டும் சொல்லி வாங்காதீர்கள்

கொழும்பில் சிறிய அளவில் செருப்பு அடி, மூடி வளையம், கைபிடி உறை வார்ப்பவர்களுக்கு மூலப்பொருள் பற்றி ஆலோசனை சொல்வது என் தொழில். இறப்பர் போன்ற பிளாஸ்டிக்கான டிபிஈ பற்றி அவர்களிடமிருந்து அடிக்கடி வரும் கேள்வி: "டிபிஈ மலிவாக வருகிறது, எடுக்கலாமா?" விலையைச் சொல்வார்கள், எந்த டிபிஈ என்று சொல்லமாட்டார்கள். பல வேளைகளில் விற்பவரும் அவர்களுக்குச் சொல்லியிருக்கமாட்டார். நட்டம் அங்கேதான் தொடங்குகிறது.

டிபிஈ, அதாவது தேர்மோபிளாஸ்டிக் இலாஸ்டோமர், ஒரு பெரிய குடும்பம். இறப்பர் போல இழுபடும், பிளாஸ்டிக் போல உருக்கி வார்க்கலாம். நம் தோட்டத்து இறப்பரைக் கந்தகம் சேர்த்துச் சூடாக்கினால் மூலக்கூறுகள் நிரந்தரமாகப் பிணைந்துவிடும், அப்புறம் உருகாது. டிபிஈயில் அந்தப் பிணைப்பு சூட்டில் அவிழும், ஆறியதும் இறுகும். வெட்டுக்கழிவை அரைத்து மறுபடி மெஷினில் போட முடிவதும் இதனால்தான், சூட்டில் உருக்குலைவதும் இதனால்தான்.

இந்தக் குடும்பத்தில், செருப்பின் அடிப்பாகத்துக்கும் வீதித் தாருக்கும் போகும் எஸ்பிஎஸ்ஸை (ஸ்டைரீன்-பியூட்டடையீன்-ஸ்டைரீன்) 1960களில் ஷெல் நிறுவனம் சந்தைக்குக் கொண்டுவந்தது. அதன் மூலக்கூறுகளைப் பிணைத்து வைக்கும் பொலிஸ்டைரீன் முனைகள் 100 பாகை செல்சியஸை அண்டியதும் இளகும். மேலே பாரம் இருந்தால் அதற்கு வெகு முன்பே வடிவம் குலையும். வெயிலும் ஓசோனும் பட்டால் வெடிக்கும். எஸ்பிஎஸ்ஸுக்கு ஐதரசன் ஏற்றினால் கிடைப்பது எஸ்ஈபிஎஸ். வெயிலைத் தாங்கும், விலை கூட. வாகனங்களுக்கான டிபிவி, தேய்மானம் தாங்கும் பொலியூரித்தேன் வகையான டிபியு எல்லாம் இதே குடும்பம்தான், ஆனால் வேறு வேறு இரசாயனம். சுடுசோற்றுப் பெட்டியின் மூடி வளையத்துக்கு எஸ்பிஎஸ் வாங்கிவிட்டு "டிபிஈ சரியில்லை" என்று சொல்வது நியாயமில்லை.

சாக்கின் மேல் எழுதியிருப்பதை நம்பாமல் செய்து பார்க்கக்கூடிய ஒரு சோதனை உண்டு. ஒரு கிளாஸ் தண்ணீரில் ஒரு துளி பாத்திரம் கழுவும் திரவம் விட்டு, நாலைந்து குருணையைப் போடுங்கள். நிரப்பி (அளவைக் கூட்டச் சேர்க்கும் தூள்) சேராத எஸ்ஈபிஎஸ் கலவையின் அடர்த்தி ஏறக்குறைய 0.9, தண்ணீரின் அடர்த்தி 1, ஆகவே மிதக்கும். மூழ்கினால் சுண்ணாம்புத்தூள் நிறையக் கலந்திருக்கலாம், அல்லது அது மென்மையாக்கிய பிவிசியாகவே இருக்கலாம். செம்புக் கம்பியைச் சிவக்கக் காய்ச்சி, குருணையில் தொட்டு, திரும்பத் தீயில் பிடியுங்கள். பச்சைச் சுவாலை வந்தால் குளோரின் இருக்கிறது. பிவிசி என்று சந்தேகிக்கலாம். காற்றோட்டமான இடத்தில் செய்யுங்கள், அந்தப் புகை நல்லதல்ல. டிபியுவும் மூழ்கும் என்பதையும் மறக்க வேண்டாம். இந்தச் சோதனை ஆய்வுகூட அறிக்கைக்கு ஈடாகாது. உணவு தொடும் பொருளென்றால், குழந்தை வாயில் வைக்கும் பொருளென்றால், அறிக்கை இல்லாமல் ஒரு கிலோகூட எடுக்காதீர்கள். இதில் நான் யாருக்கும் விட்டுக்கொடுப்பதில்லை.

விலை ஏன் இப்படி ஏறி இறங்குகிறது என்றும் கேட்கிறார்கள். எஸ்பிஎஸ்ஸுக்கு ஸ்டைரீனும் பியூட்டடையீனும் வேண்டும். பியூட்டடையீன் பெரும்பாலும் இன்னொரு பிளாஸ்டிக் மூலப்பொருளான எதிலீன் தயாரிக்கும்போது உடன் கிடைக்கும் பொருள். கச்சா எண்ணெயிலிருந்து வரும் நாப்தாவை உடைத்தால் நிறைய வரும். இயற்கை வாயுவிலிருந்து வரும் ஈதேனை உடைத்தால் மிகக் கொஞ்சம். அமெரிக்க ஆலைகள் ஷேல் பாறையிலிருந்து எடுக்கும் வாயுவால் மலிவான ஈதேனுக்கு மாறியபோது அங்கே பியூட்டடையீன் சுருங்கியது. 2021 பெப்ரவரியில் டெக்சாஸில் உறைபனி விழுந்து இரசாயன ஆலைகள் நின்றபோது உலகம் முழுவதும் பிளாஸ்டிக் மூலப்பொருளுக்குத் தட்டுப்பாடு. மிகப் பெரிய நுகர்வு ஆசியாவில், அதிலும் சீனாவில். அங்கே கேள்வி கூடினாலும் குறைந்தாலும் விலை ஆடும். இதையெல்லாம் டொலர் கொடுத்து இறக்கும் நமக்கு நாணய மாற்று விகிதமும் சேர்ந்துகொள்கிறது. 2022ல் ரூபாய் சரிந்தபோது அந்த அடி எப்படி விழுந்தது என்பது எல்லோருக்கும் நினைவிருக்கும். ஆகவே ஒரே ஆளிடம், ஒரே தரத்தை நம்பி வருட ஓடரை எடுக்காதீர்கள்.

கடைசியாகச் சுங்கம். பொதுவாக எஸ்பிஎஸ் செயற்கை இறப்பர் என்று சுங்கப் பொருள் அட்டவணையின் 40ஆம் அத்தியாயத்தில் போகும். கந்தகத்தால் வல்கனைஸ் ஆகாத, அதாவது நிரந்தரமாகப் பிணையாத எஸ்ஈபிஎஸ் பிளாஸ்டிக் என்று 39ஆம் அத்தியாயத்துக்குப் போகும். எண்ணெயும் நிரப்பியும் கலந்த கலவை என்றால் இன்னும் சிக்கல். இன்வொய்ஸில் வெறுமனே "டிபிஈ" என்று எழுதியிருந்தால், சரக்கு துறைமுகத்தில் நிற்க, மாதிரி பரிசோதனைக்குப் போகும். தாமதக் கட்டணம் உங்கள் தலையில். பொலிமரின் முழுப்பெயரையும் தொழில்நுட்பத் தரவுத்தாளையும் கப்பலில் ஏற்றுவதற்கு முன்பே விற்பவரிடம் வாங்கி, உங்கள் சுங்க முகவரிடம் காட்டிவிடுங்கள்.