டோஃபுவுக்குள் இருக்கும் தண்ணீர்

இறைச்சியைக் குறைத்துக்கொண்டு, சோயா பாலைத் திரித்துச் செய்யும் டோஃபு பக்கம் வருகிறவர்கள் பெரும்பாலும் இறைச்சி சமைத்துப் பழகிய கையோடுதான் வருகிறார்கள். மசாலாவில் ஊறவைத்து, வாணலியில் போட்டு, வெந்துவிட்டதா என்று குத்திப் பார்ப்பார்கள். கடைசியில் வெளியே வெளுத்து, உள்ளே சப்பென்று ஒரு பண்டம் தட்டுக்கு வரும். டோஃபு என்றாலே இப்படித்தான் போல என்று அதோடு விட்டுவிடுகிறவர்கள் நிறைய பேர். எனக்கு அது வருத்தமாக இருக்கிறது. டோஃபு பாக்கெட்டில் இருக்கும்போதே வெந்த பொருள். அடுப்பில் நாம் கவனிக்க வேண்டியது அதற்குள் இருக்கும் தண்ணீரை.

அது எப்படி உருவாகிறது என்று பார்த்தால் இது புரிந்துவிடும். ஊறவைத்த சோயாவைத் தண்ணீர் விட்டு அரைத்து, வடிகட்டி, கொதிக்க வைத்தால் சோயா பால். அதிலுள்ள முக்கியமான புரதங்கள் இரண்டு: கிளைசினின், பீட்டா கான்கிளைசினின். பச்சையாக இருக்கும்போது இவை இறுக்கமாகச் சுருண்டு கிடக்கும். சூடு ஏற ஏற, சுமார் 70 டிகிரி செல்சியஸைத் தாண்டும்போது ஒன்றும், 90-ஐத் தாண்டும்போது மற்றொன்றும் பிரிந்து விரிகின்றன. உள்ளே ஒளிந்திருந்த, ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்ளக்கூடிய பகுதிகள் இப்போது வெளியே வந்துவிடும். ஆனாலும் உடனே ஒட்டுவதில்லை. எல்லாப் புரதங்களிலும் எதிர்மின்னேற்றம் இருப்பதால் ஒன்றையொன்று தள்ளிக்கொண்டே மிதக்கின்றன. இந்த நேரத்தில் கால்சியம் சல்பேட்டையோ மெக்னீசியம் குளோரைடையோ சேர்த்தால், அவற்றின் நேர்மின் அயனிகள் அந்தத் தள்ளுவிசையை அடக்கிவிடும். புரதங்கள் கைகோத்து ஒரு வலையாகும். அந்த வலையின் கண்களில் தண்ணீரும் எண்ணெயும் மாட்டிக்கொள்ளும். எலுமிச்சைச் சாறு விட்டாலும் திரியும், அங்கே அமிலம் மின்னேற்றத்தைக் குறைக்கிறது. கொதிக்க வைப்பதில் இன்னொரு நன்மையும் உண்டு. பச்சை சோயாவில் நம் செரிமான நொதிகளுக்குத் தடை போடும் பொருட்கள் இருக்கின்றன. அவற்றில் பெரும்பகுதி அந்தச் சூட்டில் செயலிழந்துவிடும்.

திரிந்ததை அழுத்திப் பிழிந்தால் கெட்டி டோஃபு. பிழியாமல் அப்படியே உறைய விட்டால் சில்கன் டோஃபு. சில்கன் வகையில் பத்தில் ஒன்பது பங்குக்கு அருகில் தண்ணீர்தான். கெட்டி வகையிலும் முக்கால் பங்கு அளவுக்கு இருக்கும்.

பச்சை இறைச்சியிலும் ஏறக்குறைய முக்கால் பங்கு தண்ணீர்தானே, அப்புறம் என்ன வித்தியாசம் என்று கேட்கலாம். நல்ல கேள்வி. இறைச்சியின் தசைநார்கள் சூட்டில் சுருங்குகின்றன. சுருங்கும்போது சாறு பிதுங்கி வெளியே வருகிறது. அதனால்தான் அதிகம் வெந்தால் காய்ந்து போகிறது. டோஃபுவின் வலை ஏற்கெனவே சூட்டில் உருவாகி நிலைத்துவிட்டது. இன்னொரு முறை சூடாக்கினால் பெரிதாகச் சுருங்காது, தண்ணீரையும் லேசில் விடாது. ஒரு வகையில் இது நமக்குச் சாதகம்: அரைவேக்காடு என்ற பயம் இல்லை, கொஞ்சம் கூடுதலாக அடுப்பில் இருந்தாலும் கெட்டுப்போவதில்லை. ஆனால் பொன்னிறம் வேண்டுமென்றால் அதே தண்ணீர்தான் குறுக்கே நிற்கும்.

பொன்னிறமும் வறுத்த வாசனையும் வருவது, புரதத்தின் அமினோ அமிலங்களும் சர்க்கரைகளும் சூட்டில் சேர்ந்து நடத்தும் வினையால். 1912-இல் இதை விவரித்த பிரெஞ்சு வேதியியலாளரின் பெயரால் மெய்லார்ட் வினை என்கிறார்கள். அது வேகம் பிடிக்க 140 டிகிரி அளவுக்குச் சூடு வேண்டும். மேற்பரப்பு ஈரமாக இருக்கும்வரை அது 100 டிகிரியைத் தாண்டாது. வருகிற சூடு முழுவதும் தண்ணீரை ஆவியாக்கவே செலவாகும். அந்தச் செலவும் சின்னதில்லை. ஒரு கிலோ தண்ணீரை 0-விலிருந்து 100 டிகிரிக்குக் கொண்டுபோவதைப் போல ஐந்து மடங்குக்கும் மேல் ஆற்றல், அதை ஆவியாக்கத் தேவைப்படுகிறது. போதாக்குறைக்கு, டோஃபுவைப் பிழியும்போது சோயாவின் கரையும் சர்க்கரைகளில் பெரும்பகுதி தண்ணீரோடு போய்விடுகிறது. அதனால் சிவக்கச் சற்றுப் பொறுமை வேண்டும்.

வாணலியில் நடப்பதைக் காது கொடுத்துக் கேட்டாலே போதும். துண்டுகளை எண்ணெயில் வைத்ததும் சடசடவென்று பெரிய சத்தம். அது ஈரம் ஆவியாகித் தெறிக்கும் சத்தம். இந்தக் கட்டத்தில் துண்டு வாணலியோடு ஒட்டியிருக்கும். கரண்டியால் சுரண்டினால் தோல் பிய்ந்து அடியில் தங்கிவிடும். கையைக் கட்டிக்கொண்டு காத்திருங்கள். சத்தம் மெலிந்து சன்னமாகும்போது அடிப்பக்கம் காய்ந்து மொறுமொறுப்பாகியிருக்கும், வாணலியை அசைத்தாலே துண்டு தானாக நகரும். திருப்ப வேண்டிய நேரம் அதுதான்.

அந்த நேரத்தைச் சீக்கிரம் வரவழைக்க, துணியில் சுற்றி மேலே கனமான பாத்திரம் வைத்து அழுத்துவதுதான் எல்லோரும் சொல்லும் வழி. எனக்குப் பிடித்தது வேறு. துண்டுகளாக வெட்டி, கொதித்த உப்புத் தண்ணீரில் கால் மணி நேரம் போட்டு எடுப்பது. தண்ணீரை விரட்டத் தண்ணீரிலேயே போடுவதா என்று தோன்றும். ஆனால் சூடாக வெளியே வரும் துண்டின் மேற்பரப்பு தட்டில் இருக்கும்போதே ஆவிவிட்டு உலர்ந்துவிடும், உப்பும் கொஞ்சம் உள்ளே போயிருக்கும். வாணலிக்குப் போகுமுன் மெல்லிய கார்ன்ஃபிளார் பூச்சு கொடுத்தால் மிச்ச ஈரத்தை மாவு உறிஞ்சி மொறுமொறு ஓடாக மாறும்.

ஊறவைப்பதைப் பற்றியும் சொல்லியாக வேண்டும். ஏற்கெனவே தண்ணீர் நிரம்பியிருக்கும் வலைக்குள் மசாலா பாய்ந்து நுழைய இடமில்லை; மூலக்கூறு மூலக்கூறாகப் பரவித்தான் போக வேண்டும். பரவலில் தூரம் இரண்டு மடங்கானால் நேரம் நான்கு மடங்காகும். உப்பு சிறியது, மெதுவாகவாவது போய்ச்சேரும். எண்ணெயும் எண்ணெயில் கரையும் வாசனைகளும் வெளியிலேயே நின்றுவிடும். எனவே வரிசையை மாற்றுங்கள்: முதலில் வறுத்துவிட்டு, சூடு ஆறுமுன் சாஸில் போடுங்கள். வறுபட்ட ஓட்டின் துளைகளில் இருக்கும் நீராவி, ஆறும்போது குளிர்ந்து சுருங்கும்; அந்த வெற்றிடம் வெளியே இருக்கும் சாஸை உள்ளே இழுக்கும். ராத்திரி முழுக்க ஊறவைத்தும் கிடைக்காத சுவை சில நிமிடங்களில் கிடைப்பது இதனால்தான்.

இறைச்சியைப் போல மெல்லுவதற்கு ஏதாவது வேண்டும் என்பவர்களுக்கு ஃப்ரீசரைத்தான் சொல்வேன். தண்ணீர் உறையும்போது சுமார் 9 சதவீதம் விரியும். வீட்டு ஃப்ரீசர் மெதுவாக உறைய வைப்பதால் பனிப்படிகங்கள் பெரிதாக வளர்கின்றன. அவை புரத வலையை நெருக்கித் தள்ளும். நெருக்கப்பட்ட இடங்களில் புரதங்கள் புதிதாக ஒட்டிக்கொண்டு அப்படியே நிலைத்துவிடும். பனி உருகினால் மிஞ்சுவது ஒரு ஸ்பாஞ்ச். உறைந்த டோஃபு மஞ்சளாகத் தெரியும், கெட்டுவிட்டதோ என்று பயப்பட வேண்டாம். உருகியதும் இரு உள்ளங்கைகளுக்கு நடுவே வைத்து மெதுவாகப் பிழிந்தால் தண்ணீர் கொட்டும், கையை எடுத்ததும் ஓரளவு மறுபடி உப்பும். குழம்பில் போட்டால் அந்தக் காலி அறைகளுக்குள் குழம்பு போய் உட்காரும். ஜப்பானில் இதே வழியில் உறைய வைத்து உலர்த்திய டோஃபுவை நெடுங்காலமாகச் சேமித்து வைத்துச் சாப்பிடுகிறார்கள்.

சுவையில் இறைச்சியின் இடத்தை நிரப்பவும் வேதியியல் துணைக்கு வரும். 1908-இல் ஜப்பானிய வேதியியலாளர் கிகுனாயே இகேதா, கடற்பாசிச் சாற்றின் ருசிக்குக் காரணமான குளூட்டமேட் என்ற பொருளைக் கண்டறிந்து அந்தச் சுவைக்கு உமாமி என்று பெயர் வைத்தார். இறைச்சியில் இனோசினேட் என்ற பொருளும் சேர்ந்திருக்கிறது. இரண்டும் ஒன்றாக இருந்தால் சுவை பல மடங்காகத் தெரியும். உலர்ந்த ஷிடாகே காளானில் உள்ள குவானிலேட்டும் அதே வேலையைச் செய்யும். சோயா சாஸில் குளூட்டமேட் ஏற்கெனவே இருக்கிறது. அதில் இந்தக் காளானையும் சேர்த்தால் டோஃபுவுக்கு மிகப் பொருத்தம்.

சத்து பற்றி ஒரு வார்த்தை: சோயாப் புரதத்தில் நமக்குத் தேவையான எல்லா அமினோ அமிலங்களும் உண்டு. கால்சியம் சல்பேட்டில் திரித்த டோஃபுவில் கால்சியமும் தாராளம். வைட்டமின் பி12 மட்டும் இல்லை; இறைச்சியோடு முட்டையும் பாலும் விடுகிறவர்கள் அதற்குத் தனியாக வழி செய்துகொள்ள வேண்டும்.

இதுவரை சொன்னதெல்லாம் கெட்டி டோஃபுவுக்கு. சில்கன் டோஃபுவிடம் தண்ணீரோடு மல்லுக்கு நிற்கவே கூடாது. அழுத்தினால் நொறுங்கும், வறுத்தால் சிதறும். அதன் அழகே அந்த நடுக்கத்தில்தான் இருக்கிறது. சூப்பிலோ குழம்பிலோ கடைசியாகச் சேர்த்து, கொதிநிலைக்குக் கீழே, ஓரத்தில் சிறு குமிழிகள் எட்டிப் பார்க்கும் அளவில் சூடாக்கினால் போதும். தளதளவென்று கொதிக்க விட்டால் உள்ளிருக்கும் தண்ணீரே ஆவிக்குமிழியாகி வலையைத் துளைத்துக்கொண்டு வரும்; வெண்ணெய் போல் இருந்தது ஓட்டை ஓட்டையாகச் சொரசொரப்பாகிவிடும்.